சாகமாட்டேன் என்று சத்தியம் செய்த நடிகர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். மகள் பிழை பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறாள். அப்படியும் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு காலேஜ் கேன்டீனில் டீ மாஸ்டராக இருக்கிறேன். ஆட்களிடம் பேசுவது எனக்கு அவ்வளவாக வராது. டீ போடுகிறவனுக்குப் பேச்சு தேவையும் இல்லை. விரலைக் காட்டினால் எத்தனை டீ என்று தெரிந்துவிடும். முகத்தைப் பார்த்தாலே யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று தெரிந்துவிடும். என்னைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. நான் எழுத வந்தது எங்கள் அப்பாருவைப் பற்றி. அப்பாவை எங்கள் பக்கம் அய்யன் என்போம், அய்யனைப் பெற்றவரை அப்பாரு என்போம். அவர் ஊமைப்பட நடிகர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்.

போன வருடம் கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பழைய பேசாத படங்களைப் பற்றி யாரோ பேசப்போகிறார்கள் என்று போட்டிருந்தது. அதில் ஒரு போட்டோ. கோட்டைக் காவலர் வேஷத்தில் சில பேர் ஈட்டியோடு வரிசையாக நிற்கிறார்கள். பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வரிசையின் ஓரத்தில் எங்கள் அய்யன் நிற்கிறார். அதே அகலமான நெற்றி, ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறிய புருவம், ஏதோ கேட்கப்போகிறவர்போலப் பாதி திறந்த வாய். அய்யன் எண்பதைத் தாண்டியவர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறார். அவர் எந்தக் காலத்திலும் ஈட்டி பிடித்ததில்லை. ஆகவே அது அப்பாருதான்.

அந்த நோட்டீஸை ஒட்டியவர் காலேஜில் சினிமாப் பாடம் நடத்தும் மேடம். சின்ன வயசு. தினமும் என்னிடம் டீ வாங்குகிறவர். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. டம்ளரைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

"என்னங்கண்ணா, ஏதாச்சும் சொல்லோணுமா?"

"ஒண்ணுமில்லீங்க."

மறுநாளும் அப்படியே நின்றேன். அதற்கு அடுத்த நாள் அவரே சிரித்துவிட்டார். "லீவு வேணும்னா என்கிட்ட கேட்டா கெடைக்காதுங்கண்ணா, கேன்டீன் ஓனர்கிட்டக் கேக்கோணும்."

"இல்லீங்க. அந்த ஓரத்துல நிக்கறவரு..."

"ஆமா?"

"எங்க அப்பாருங்க."

டீ அவர் கையிலும் நோட்டுப் பையிலும் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்புறம்தான் சொன்னார். அந்தப் போட்டோவில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் பெயர் தெரிந்திருக்கிறதாம். இவருக்கு மட்டும் எங்கே தேடியும் பெயர் கிடைக்காமல், 'ஓரத்தில் நிற்பவர்' என்றே எழுதி வைத்திருக்கிறார்களாம். அந்தக் காலத்துப் படங்கள் எரிந்தும் நைந்தும் போனவை போக, இந்தப் படத்தில் சில நிமிடத் துண்டு மட்டும் வடக்கே பழைய பிலிம்களைக் காப்பாற்றி வைக்கிற ஓரிடத்தில் இருந்து, அதன் நகல் அவரிடம் வந்திருக்கிறதாம். "அதுல கோட்டைச் சுவர்மேல அவரு சண்டை போடறாருங்கண்ணா. வாங்க, இப்பவே போட்டுக் காட்டறேன்."

"வேண்டாமுங்க. நாங்க பாக்கக் கூடாதுங்க."

"ஏனுங்க?"

"அதுல அவரு செத்துப்போயிருவாருங்க."

மேடம் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அன்றைக்கு நான் பேசியதுபோல என் ஆயுசில் பேசியதில்லை. அய்யன் வாயால் பல தடவை கேட்ட கதைதான். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் சாப்பாட்டுப் பந்தி முடிந்து உட்கார்ந்தால் யாராவது இதை எடுத்துவிடுவார்கள்.

அப்பாரு மாட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை. அவருக்குக் கல்யாணம் முடிந்த மாதமே மெட்ராஸிலிருந்து படக் கம்பெனிக்காரர் ஒருவர் காங்கேயத்துக்கு வந்து, ரதத்தில் பூட்டுவதற்கென்று ஒரு ஜோடி மயிலைக் காளை வாங்கினார். காளைகளை ரயிலேற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பி வருவது அப்பாருவின் வேலை. அங்கே போனால், காளைகள் யார் சொல்லுக்கும் கட்டுப்படவில்லை. கிரீடம் வைத்துக்கொண்டு ரதத்தில் ஏறிய ராஜாவைப் புழுதியில் தள்ளின. கடைசியில் அப்பாருவுக்கே ஜிகினாச் சட்டை மாட்டி, மீசை ஒட்டி, தேரோட்டியாக உட்கார வைத்தார்கள். போனவர் திரும்பவில்லை.

தேரோட்டி சீக்கிரமே சண்டைக்காரர் ஆனார். காரணம், அவருக்கு விழத் தெரியும். மாட்டோடு மல்லுக்கட்டி வளர்ந்த உடம்பு. சுவரிலிருந்து விழு என்றாலும் குதிரையிலிருந்து விழு என்றாலும் தயங்காமல் விழுவார். விழுகிற ஆளுக்குச் சாகிற வேஷம் தானாக வந்து சேர்ந்தது. வில்லனுடைய கையாள், ஹீரோ கையால் குத்துப்பட்டுச் சாக வேண்டும். சத்தம் பதிவாகாத படம் என்பதால், கேமரா ஓடும்போதே டைரக்டர் பக்கத்தில் நின்று கத்துவாராம். "குத்து வாங்கு! விழு! இன்னும் சாகாதே... கையைத் தூக்கு... இன்னும் சாகாதே... ஆங், இப்போ சாவு!" வெயிலில்தான் படம் பிடிப்பார்கள். நடுவில் மேகம் வந்து மறைத்தால் நிறுத்திவிடுவார்கள். அப்பாரு சொல்லுவாராம், "பாதி செத்துப்போட்டு, அப்படியே படுத்துட்டு பீடி ஒண்ணு குடிப்பேன். வெயில் வந்தொடன மீதி சாவேன்."

ஊரில் இது எதுவும் தெரியாது. மாடு கொண்டுபோன பிள்ளை என்ன ஆனான் என்றே தெரியாமல் இருந்தார்கள். தாலி கட்டிய சூட்டோடு விட்டுப்போன பெண், அதாவது அய்யனைப் பெற்ற எங்கள் ஆத்தா, மாமியாரோடு தோட்டத்தில் இருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு சந்தைக்குப் போய்வந்த ஒருவர், "உங்க பையன் காங்கேயத்துல டென்ட் கொட்டகைப் படத்துல ஓடறான், குதிக்கறான்" என்று சொன்னார். வீடே வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டது. அதற்கு முன்பு அவர்களில் ஒருத்தரும் சினிமா பார்த்ததில்லை.

திரையில் மகனைக் கண்டதும் அப்பாருவைப் பெற்ற தாய் எழுந்து நின்று, "சாமீ, எளச்சுப்போயிட்டியே!" என்று கத்தியிருக்கிறார். பின்னாலிருந்தவர்கள், "ஏனுங்கம்மா, உக்காருங்க, படம் மறைக்குது" என்று சத்தம் போட்டார்கள். உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கோட்டைச் சுவர்மேல் சண்டை நடக்கிறது. ஹீரோவின் கத்தி அப்பாருவின் வயிற்றில் இறங்குகிறது. அப்பாரு சுவரிலிருந்து விழுந்து, புரண்டு, கண் சொருகிச் சாகிறார். அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார். அவருக்குப் பெரிய தொண்டை. "மாண்டான்! மாபாதகன் மாண்டான்! இனி அவன் எழமாட்டான்!" என்று முழங்கினாராம்.

அவ்வளவுதான். பெற்றவர் மார்பில் அடித்துக்கொண்டு அலற, கூடப் போன பெண்கள் எல்லாரும் ஒப்பாரி வைக்க, வீட்டு ஆண்கள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு எல்லாரையும் வண்டியில் ஏற்றினார்கள். ஊருக்குள் வண்டி நுழையும்போதே சாவு வீடாகிவிட்டது.

அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அதுவரை அவர்கள் பார்த்திருந்தது போட்டோ மட்டும்தான். போட்டோவில் இருப்பது நடந்தது. அப்படியானால் ஓடுகிற போட்டோவில் இருப்பதும் நடந்ததுதானே? போதாததற்கு, பிள்ளையின் கண் சொருகியதைப் பெற்றவளே பார்த்திருக்கிறாள். அவளிடம் யார் போய் வாதாடுவது? உடம்பு கிடைக்காததால் புல்லில் ஓர் உருவம் செய்து எரித்தார்கள். கருமாதி முடிந்தது. ஆத்தாவின் தாலியைக் கழற்றி வெள்ளைச் சீலை கொடுத்தார்கள். அப்போது அவருக்குப் பதினேழோ பதினெட்டோ.

மெட்ராஸில் அப்பாரு நன்றாகத்தான் இருந்தார். ஊர் ஞாபகமே வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே மாடு கொண்டுபோன நம்மூர்க்காரர் ஒருவர் தெருவில் அப்பாருவைப் பார்த்ததும் மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாராம். அப்பாரு மாட்டையும் பிடித்து ஆளையும் பிடித்தார்.

"ஏண்டா என்னயப் பாத்து ஓடற?"

"கிட்ட வராதடா! உன்ற கருமாதிக்கு வடை பாயசத்தோட சாப்பிட்டுப்போட்டு வந்தவன் நானு!"

அன்றைக்கே ரயிலேறிவிட்டார். வீட்டு வாசலுக்கு வந்தபோது உச்சிப் பொழுது. பெற்ற தாய் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து சொன்னாராம், "பேயா இருந்தா போயிரு. புள்ளையா இருந்தா நில்லு." அப்பாரு வெயிலில் நின்றார். ஊர் கூடியது. எங்கள் கல்யாணங்களில் முன்னின்று சீர் நடத்தும் பெரியவருக்கு அருமைக்காரர் என்று பெயர். அவரைக் கூட்டிவந்தார்கள். அவர் அப்பாருவைச் சுற்றிவந்து, கிள்ளிப் பார்த்து, காலைப் பார்த்து, "காலு தரையில படுது, நெழலு உழுகுது. புள்ளைதான்" என்றார்.

ஆனால் இன்னொரு சிக்கல். கருமாதி முடிந்தவனை வாசல் வழியாக வீட்டுக்குள் எப்படி விடுவது? அருமைக்காரர் யோசித்து ஒரு வழி சொன்னார். செத்தது செத்ததுதான், இனி இவன் புதிதாகப் பிறக்கட்டும் என்றார். இது எங்கள் பக்கத்தில் முன்பே இருந்த வழக்கமா, அந்த வாசலில் நின்றே அவர் கண்டுபிடித்த வழக்கமா என்று எனக்குத் தெரியாது. கூரை ஓடுகளைப் பிரித்து, அந்த வழியாகக் கயிற்றில் உள்ளே இறங்கச் சொன்னார்கள். அப்பாரு கயிற்றை வேண்டாமென்று குதித்துவிட்டார். விழுவதுதானே அவர் தொழில். பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்து, தொட்டிலில் காலை வைக்கச் சொல்லி, மறுபடியும் காது குத்தி, அதே பெயரை மறுபடியும் வைத்தார்கள். கடுக்கன் போட்ட மீசைக்காரக் குழந்தை "போதுமுங்க, வலிக்குதுங்க" என்று கத்தியதை அய்யன் நடித்துக் காட்டுவார்.

அடுத்து ஆத்தா. வெள்ளைச் சீலை கட்டியவளுக்கு எப்படித் தாலி கட்டுவது என்று சில பேர் முணுமுணுத்தார்கள். அருமைக்காரர் கோபமாகக் கேட்டாராம், "மாப்பிள்ளையே இன்னிக்குத்தான பொறந்திருக்கறான்? அப்புறம் இவ எவனுக்கு அறுத்தா?"  பந்தக்கால் நட்டு, எல்லாச் சீரும் செய்து, தான் விட்டுப்போன பெண்டாட்டிக்கே அப்பாரு இரண்டாம் முறை தாலி கட்டினார். முதல் கல்யாணத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இரண்டாம் கல்யாணத்தில் மணவறையிலேயே ஆத்தா கேட்டிருக்கிறார், "மறுக்காவும் சாவீங்களா?"

அதற்கு அப்பாரு குலதெய்வத்தின் முன்னால் சத்தியம் செய்தார். இனிமேல் சாகிற வேஷம் கட்டமாட்டேன் என்று. வீட்டாரும் ஒரு சத்தியம் செய்தார்கள். அவர் செத்துப்போகிற அந்தப் படத்தைக் குடும்பத்தில் யாரும் இனிக் கண்ணால் பார்ப்பதில்லை என்று.

அந்தத் தடவை ஆத்தாவையும் கூட்டிக்கொண்டுதான் அவர் மெட்ராஸ் போனார். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கையாள் சாகமாட்டேன்னா ஹீரோ எப்படிய்யா ஜெயிக்கிறது?" யோசித்துப் பார்த்து, சாவதற்குப் பதிலாக ஓடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லாப் படத்திலும் அப்பாரு சண்டை நடுவில் ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். நன்றாக ஓடினார் என்றுதான் சொல்லுகிறார்கள். ஆனால் ஓடுகிறவனுக்குச் சாகிறவனுக்கு உண்டான மதிப்பு கிடையாது. அப்புறம் பேசும் படம் வந்தது. அவருக்கும் ஒரு வசனம் கொடுத்துப் பார்த்தார்கள். கத்தியை நீட்டி, "உன் தலையை வெட்டிவிடுவேன்" என்று சொல்ல வேண்டும். அப்பாரு கண்ணை உருட்டி, "உங்க தலைய வெட்டிப்போடுவனுங்க" என்றாராம். கேமராக்காரர் சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது. அத்தோடு நடிப்பு முடிந்தது. ஊருக்கு வந்தார், மாட்டு வியாபாரம் பார்த்தார், பிள்ளைகளைப் பெற்றார், வயதாகிப் படுக்கையில் போனார். போன அன்றைக்கும் ஊரில் இரண்டொருவர், "எதுக்கும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமுங்க" என்றார்களாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மேடம் சுவரிலிருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கிவிட்டது. பிறகு, "அண்ணா, உங்க அய்யனுக்குப் பாக்கோணும்னு ஆசை இருக்காதா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. அதுதான் விஷயம். அய்யனுக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. தன்னைப் பெற்றவரை ஒரு தடவை வேஷத்தில் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கண்புரைக்கு ஆபரேஷன் செய்தும் ஒரு கண் சரியாக வரவில்லை. இன்னொரு கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. நான் ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் கட்டிலை விட்டு எழுந்து சட்டை போட ஆரம்பித்துவிட்டார்.

தடுத்தது அத்தை. அய்யனுக்குத் தங்கை. எங்கள் தோட்டத்திலேயே அடுத்த வீட்டில் இருக்கிறவர். ஆத்தா கடைசியாகப் படுத்திருந்தபோது அவர் கையைப் பிடித்து, அந்தப் படத்தைப் பார்க்கமாட்டோம் என்று மறுபடியும் வாக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆத்தா அதற்குப் பிறகு தன் ஆயுசில் சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வெள்ளைச் சீலை கட்டிக் கிடந்த அந்த மாதங்களை மட்டும் அவர் சிரிப்பாகச் சொன்னதே கிடையாது.

"எங்கம்மா கையில அடிச்சுக் குடுத்திருக்கறேன். நீங்க பாத்தா எனக்குத்தான் பாவம்" என்றார் அத்தை.

"நா கண்ணு தெரியாமப் போனதுக்கப்புறம் எதைப் பாக்கறது?" என்றார் அய்யன்.

"அப்புறம் பாக்க வேண்டியதில்ல, சத்தியம் பத்திரமா இருக்கும்."

"உன்ற வாயி இருக்குதே!"

இரண்டு பேரும் சில நாள் பேசிக்கொள்ளவில்லை. அய்யன் சோற்றைத் தட்டிலேயே அளைந்துகொண்டிருந்தார். அத்தையும் பாவம், வாசலில் நின்று, "தின்னாரா?" என்று தோட்டத்து வீட்டில் இருக்கும் என் சம்சாரத்திடம் கேட்டுவிட்டுப் போவார். யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதும்போலச் சும்மா இருந்தேன். ஒரு நாள் அத்தையே வந்து, "சத்தியம் பண்ணுனது சாமிகிட்ட. சாமிகிட்டயே கேட்டுப்போடலாம். பூக் கேக்கலாம்" என்றார்.

குலதெய்வத்தின் முன்னால் பூக் கேட்காமல் எங்கள் பக்கம் பெரிய காரியம் எதையும் தொடங்கமாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலமாகக் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கோயிலுக்குப் போனோம்.

"காரியம் என்னுங்க? கல்யாணமுங்களா, போர் போடறதுங்களா?" என்றார் பூசாரி.

அய்யன் தொண்டையைச் செருமினார். "சினிமா பாக்கறதுக்குங்க."

"சினிமாவுக்கா? டிக்கெட் கெடைக்குமான்னுங்களா?"

"பூசாரி, நீங்க கேளுங்க. நாயம் அப்புறம் பேசிக்கலாம்" என்று அத்தை அதட்டினார்.

கோயிலுக்கு வந்திருந்த வேறொரு குடும்பத்துச் சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை அரளி. அய்யன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அத்தை அசையவில்லை. "அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க."

"ஏனுங்கம்மா?"

"ரெண்டுலயும் வெள்ளையே வெச்சிருந்தா? எங்கண்ணன் உங்களுக்கு மொதல்லயே சொல்லி வெச்சிருந்தா?"

பூசாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. பிரித்துக் காட்டினார். சிவப்புதான் இருந்தது. அத்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி. ஆனா நா கண்ண மூடிக்குவேன்" என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் காங்கேயத்திலிருந்து பஸ் பிடித்துக் காலேஜுக்கு வந்தார்கள். அய்யன் வெள்ளை வேட்டி சட்டை, அத்தை கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டு. மேடம் ஜன்னலை மூடி, வெள்ளைச் சுவரில் படம் விழும்படி செய்திருந்தார். அய்யனைச் சுவருக்குப் பக்கத்தில், நல்ல கண் இருக்கும் பக்கமாக உட்கார வைத்தேன். அத்தை கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

படத்துக்குத் தொடக்கம் இல்லை. மழை பெய்வதுபோலக் கோடு கோடாக ஓடி, திடீரென்று கோட்டைச் சுவர் வந்தது. ஆட்கள் ஓடினார்கள். அவர்களுக்கு நடுவில் அப்பாரு வந்தார். அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அய்யன் வயலில் வரப்பு தாண்டுகிற நடை அது. அய்யன் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அய்யா..." என்று மெல்லச் சொன்னார். அவர் தன் அப்பாவைக் கூப்பிட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

கத்தி இறங்கியது. அப்பாரு சுவரிலிருந்து விழுந்தார். வாய் எதையோ சொல்லியது. அது என்னவென்று யாருக்கும் தெரியாது. கை மேலே எழும்பி, விரல்கள் விரிந்து, மெதுவாகத் தரையில் இறங்கியது. கண் சொருகியது. அய்யனுடைய கன்னத்தில் தண்ணீர் ஓடியது. மேடம் அதைப் பார்த்துவிட்டுப் படத்தை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க அம்மணி. முடியற வரைக்கும் ஓடட்டும்."

ஓடியது. ஹீரோ வாளைத் துடைத்தான். ஒரு பெண் உப்பரிகையில் நின்று அழுதாள். கோட்டைக் கதவு திறந்தது. வில்லனுடைய ஆட்கள் இன்னொரு கூட்டமாக உள்ளே ஓடிவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தாடி வைத்து, பெரிய தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் மற்றவர்களை முந்திக்கொண்டு வந்தான். வரப்பு தாண்டுகிற அதே நடை.

அய்யன் எழுந்து நின்றுவிட்டார். எங்களுக்கு மறைத்தது. "இதா! இதா ஓடியாறாரு! ஏம்மா, அங்க பாரு, உங்கொய்யன் உசுரோட ஓடியாறாரு!"

அத்தை தலைப்பை விலக்கிவிட்டார். தாடிக்காரர் ஈட்டியை நீட்டிக்கொண்டு நேராக எங்களைப் பார்த்து வந்தார். அதோடு துண்டு முடிந்து சுவர் வெள்ளையானது.

மேடம் விளக்கிச் சொன்னார். அந்தக் காலத்தில் கம்பெனிக்கு ஆள் கொஞ்சம்தான் இருக்கும், செத்தவரையே எழுப்பித் தாடி ஒட்டி அடுத்த காட்சிக்கு அனுப்புவார்கள் என்றார். போட்டோவில் மீசையோடு நின்றவர் அவர் என்று இவ்வளவு நாள் தெரிந்தும், தாடிக்காரரும் அவர்தான் என்று தனக்கும் தெரியவில்லை, நடையைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரிகிறது என்றார். மறுபடியும் போட்டார். மறுபடியும் அப்பாரு செத்து, மறுபடியும் ஓடிவந்தார். இரண்டாம் தடவை அவர் சாகிற இடத்தில் மட்டும் அத்தை முகத்தை மூடிக்கொண்டு, "வந்துட்டாரா? வந்துட்டாரா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்டதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்கண்ணா, இவ்வளவுதானா? அந்தக் கெழவி கொட்டகையில இன்னுங் கொஞ்சம் பொறுத்து உக்காந்திருந்தா ஆகாதா? வெத்தலை போட்டு முடிக்கற நேரங்கூட இல்லையே. எங்கம்மா வெள்ளைச் சீலை கட்டியிருக்க வேண்டியதில்லையே."

அய்யன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "பொறுத்து உக்காந்திருந்தா என்னாயிருக்கும்? பையன் நல்லாத்தான் இருக்கறான்னு வண்டியேறி ஊட்டுக்கு வந்து, ராகியக் கரைச்சுக் குடிச்சுப்போட்டுப் படுத்திருப்பாங்க. அவரு மெட்ராஸ்லயே இருந்திருப்பாரு. கருமாதி பண்ணுனாங்கன்னு கேட்டதாலதான ஓடியாந்தாரு? ஓடியாந்ததாலதான மறுக்கா தாலி கட்டுனாரு? அவங்க எந்திரிச்சு வந்தது நல்லதாப் போச்சு. இல்லாட்டி நீயேது, நானேது, டீ ஆத்தறானே இவனேது?"

அத்தை பட்டுச் சீலையின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அய்யனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மணி, ஒருக்கா மொதல்ல இருந்து போடுங்க. நா அவரு சாகறதப் பாக்கல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். விளக்கை அணைத்தார். அப்பாரு சுவர்மேல் வந்தார், குத்து வாங்கினார், விழுந்தார், கையைத் தூக்கினார். இந்தத் தடவை அத்தை இமை கொட்டவில்லை. கண் சொருகும் வரைக்கும் பார்த்துவிட்டு, அண்ணனின் தொடையில் தட்டிச் சொன்னார்:

"நல்லாத்தான் செத்திருக்காருங்கண்ணா."

'ஓரத்தில் நிற்பவர்' என்று இருந்த இடத்தில் மேடம் இப்போது அப்பாருவின் பெயரைப் போட்டுவிட்டார். பெயரோடு வைப்பதற்கு அவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டு மாதங்கள் ஆகின்றன. கூச்சத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்கு மத்தியானம் காலேஜ் லீவு, கேன்டீனில் ஆளில்லை, உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஆவணி மாதம் நான்காம் தேதி, புதன்கிழமை.